கடலோரச் சாலைத் திட்டத்தைத் திரும்பப் பெறுங்கள்: நகர்மன்றத்துக்கும் பெருநகரத் திட்டக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், பெருநகரத் திட்டக் குழு அதிகாரிகள் அனைவருக்கும்,

கடலை ஒட்டி நான்கு வழிச் சாலை. அந்தச் சாலையைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல் தடுப்பு. ஊரின் முகப்பில் இருக்கும் மணல்மேட்டைச் சமன் செய்து வாகன நிறுத்தம். நீங்கள் வெளியிட்டிருக்கும் வரைவுத் திட்டத்தில் எங்கள் ஊருக்கென்று இருப்பது இவ்வளவுதான். இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தையும் ஒரு வேலைநாள் காலையில், பெருநகரத்தில் இருக்கும் உங்கள் அலுவலகத்திலேயே நடத்தி முடித்துவிட்டீர்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் பாதிப்பேர் ரயிலில் இருப்பார்கள். மீனவர்கள் கடலில் இருப்பார்கள். அங்கே வந்து சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும்.

பெருநகரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில், அவசரமில்லாத ஓர் ஊரில் குடியிருப்பதைச் சொகுசாக நினைப்பவர்கள் உண்டு. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புக்காகத் தினமும் பெருநகரம் போய்வருபவர்கள்தான். காலையும் மாலையும் ரயிலில் நசுங்குவதை அவர்கள் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. மாலையில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கடற்காற்று முகத்தில் படும். பள்ளிக்கும் கடைக்கும் கரைக்கும் நடந்தே போகலாம். தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள், யாரும் அவர்களை உள்ளே வா என்று கத்தமாட்டார்கள். வயதானவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் கரைவரை போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இதையெல்லாம் யாரும் திட்டம் போட்டுக் கட்டித் தரவில்லை. ஆனால் தானாகவும் நிற்கவில்லை. மணல், நிலத்தடி நீர், குறுகலான தெருக்கள், கடற்காற்று வர வழிவிட்டு நிற்கும் தாழ்வான வீடுகள் என்று பலவும் சேர்ந்துதான் இந்த ஊரைத் தாங்குகின்றன. உங்கள் திட்டம் கைவைப்பது சரியாக இவற்றின் மேல்தான்.

முதலில் மணல். சில வருடங்களுக்கு முன்னால் ஊரின் ஒரு முனையில் படகுத்துறைக்காகக் கடலுக்குள் கல் போட்டு ஓர் அலைத்தடுப்பு கட்டினார்கள். சிறிய தடுப்புதான். அதற்கு ஒரு பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகிக்கொண்டே போனது. மறுபக்கம் கரை தேயத் தொடங்கியது. அந்தப் பக்கம் கடலுக்கு இறங்க ஒரு பழைய படிக்கட்டு உண்டு. முன்பெல்லாம் கடைசிப் படிகள் மணலில் புதைந்தே கிடக்கும். எத்தனை படிகள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் புதைந்திருந்த படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு அடித்தளக் கல் தெரிந்தது. அப்புறம் அதற்கும் கீழே இருந்த மண் அரித்துப்போய், இன்று கடைசிப் படி அந்தரத்தில் நிற்கிறது. அதன் கம்பி வெளியே நீட்டி, துருப்பிடித்து, உப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் பொறியாளர்கள் யாராவது ஒருவரை அனுப்புங்கள். வந்து அந்தப் படியைப் பார்க்கட்டும்.

இது ஏன் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. அலை கரையை நேராக வந்து அடிப்பதில்லை. சற்றுச் சாய்வாக வருகிறது. அதனால் மணல் கரையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் வரும் பக்கத்தில் மணல் தேங்கும், போகும் பக்கத்தில் பட்டினி விழும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் கட்டப்பட்ட பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் வந்தன. நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கரை காணாமல் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. 2018-ல் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே அங்கே ஒரு பகுதியில் மணல் திரும்பியது. கரை கரைவதை நிறுத்தக் கல் போடுவார்கள். கல் முடியும் இடத்தில் அடுத்த அரிப்பு தொடங்கும். அங்கேயும் கல் போட வேண்டியிருக்கும். அப்படியே ஊர் ஊராக நகரும்.

கல் சுவர் வீடுகளைக் காக்காது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் 1900-ல் வந்த புயல் 6,000 பேருக்கும் மேல் பலிகொண்டது. 1904-ல் அங்கே கட்டி முடித்த கடற்சுவர் அடுத்து வந்த புயல்களில் நகரத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த மணற்கரை போய்விட்டது. பிறகு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. சுவரில் மோதித் திரும்பும் அலை, காலடி மணலை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். உயிர் காக்க வேறு வழியில்லை என்றால் சுவர் கட்டலாம். வாகனம் ஓட்டவா கட்டுவது? இன்னும் போடப்படாத ஒரு சாலையைக் காப்பாற்ற இருக்கிற கரையைப் பலி கொடுப்பது எந்த வகைக் கணக்கு?

மணல்மேட்டை நீங்கள் சமன் செய்யப் போவதாகச் சொல்கிறீர்கள். அது சும்மா குவிந்து கிடக்கும் மண் இல்லை. அடம்புக் கொடி படர்ந்து, அதன் வேர் பிடித்துக்கொண்டு, காற்று கொண்டுவரும் மணலை ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்துச் சேர்த்து உயர்ந்த மேடு அது. புயல் நாளில் அலை அதிலிருந்துதான் மணலைக் கடனாக எடுக்கும்; அமைதியான மாதங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். வங்கி இருப்பு மாதிரி. அதை அள்ளிவிட்டுத் தார் போட்டால் அடுத்த புயலில் கடல் எதை எடுக்கும்? எங்கள் தெருக்களைத்தான். கடலோடு வாழப் பழகிய நாடுகள் இப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் 2011-ல் ஹேக் நகருக்குப் பக்கத்துக் கரையில் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, காற்றும் அலையும் நீரோட்டமுமே அதைக் கரை நெடுகப் பரப்பிக்கொள்ளும்படி விட்டார்கள். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருக்கும் நாடு, மணலை நம்புகிறது. நீங்கள் இருக்கிற மணலை அகற்றக் கிளம்பியிருக்கிறீர்கள்.

அந்த மேடு இன்னொரு வேலையும் செய்கிறது. எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருப்பது அதனால்தான். கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பதை கைபன் என்ற டச்சுக்காரரும் 1901-ல் ஹெர்ஸ்பர்க் என்ற ஜெர்மானியரும் எழுதிவைத்துவிட்டார்கள். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறும். மழை இறங்கும் மணலைத் தாரால் மூடுகிறீர்கள். வரைவின் பின்னிணைப்பில் சொல்லியிருப்பதுபோலக் கட்டட உயர வரம்பையும் தளர்த்துகிறீர்கள். ஒவ்வொரு அடுக்குமாடியும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சும். எங்கள் தெருவின் கடலோர முனையில் ஏற்கெனவே இரண்டு வீடுகளில் தண்ணீர் உவர்த்துவிட்டது. துணி துவைத்தால் நுரை வருவதில்லை. ஒருமுறை உப்பு ஏறிய நிலத்தடியைத் திரும்ப நல்ல தண்ணீராக்குவதற்குள் ஒரு தலைமுறையே போய்விடலாம். வரைவில் நிலத்தடி நீரைப் பற்றி நான் தேடியவரையில் ஒரு பத்திகூட இல்லை.

சாலைக்கு வருகிறேன். பயண நேரம் பாதியாகும் என்கிறீர்கள். திறப்பு விழா முடிந்த கொஞ்ச காலத்துக்கு ஆகலாம். அதற்கப்புறம்? டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் பல வருடக் கணக்குகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவு உங்கள் அலுவலகத்திலும் இருக்கும்: நெடுஞ்சாலையை எவ்வளவு கூட்டுகிறோமோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஓடும் வாகனங்களும் கூடுகின்றன. ஹூஸ்டனில் ஒரு நெடுஞ்சாலையை மிகப் பெரிய செலவில் அகலப்படுத்தி 2008-ல் முடித்தார்கள். சில வருடங்களிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடியும் நீளத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் கடல்முகப்பை மறைத்துக்கொண்டு ஓர் ஈரடுக்கு விரைவுச் சாலை இருந்தது. 1989 நிலநடுக்கத்தில் அது சேதமடைந்த பிறகு நகரம் அதைத் திரும்பக் கட்டவில்லை. 1991-ல் இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நடைபாதையும் டிராம் தடமும் மரங்களும் வைத்தார்கள். இன்று அந்த நகரத்தில் எல்லோரும் போய் நிற்கும் இடம் அது. மற்றவர்கள் இடித்துப் போட்டதை நாம் புதிதாகக் கட்ட வேண்டுமா?

கூடுதல் வாகனம் என்றால் இங்கே என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். விடுமுறை நாட்களில் மாலையானால் எங்கள் தெருக்களின் இரண்டு பக்கமும் வெளியூர்க் கார்கள் நிற்கும். அப்படி ஒரு மாலையில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது; ஆனால் தெருமுனையோடு நின்றுவிட்டது. உள்ளே திரும்ப இடமில்லை. பாட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நகர்ந்து போனோம். ஒரு கண்ணாடி இடித்தது, ஒரு கார் அலற ஆரம்பித்தது. பாட்டி என் சட்டையைப் பிடித்த பிடி விடவே இல்லை. பிழைத்துக்கொண்டார். இதைப் பற்றி எழுதிக் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. உங்கள் வாகன நிறுத்தம் இதைத் தீர்க்கும் என்று சொல்லாதீர்கள். அதில் நிற்கும் ஒவ்வொரு காரும் கரைக்குப் போக எங்கள் தெருக்களைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். நிறைந்துவிட்டால் மீதிக் கார்கள் மறுபடியும் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இந்த ஊரை எங்களுக்கு மட்டும் பூட்டிவைத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. கரை எல்லோருக்கும் சொந்தம். காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் அனைவருக்கும் பொது என்று 6ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1967-ல் தன் கடற்கரை மணலைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று சட்டம் போட்டு உறுதிசெய்தது. பெருநகரத்தில் ஒற்றை அறையில் வாழும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி இங்கே வந்து, பிள்ளைகளை அலையில் நிற்கவைத்துச் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அவர்கள் வரட்டும். இன்னும் நிறையப்பேர் வரட்டும். அவர்களிடம் கார் இல்லை. மாலை ரயில்களில் ஏற முடியாமல் கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் காத்திருப்பவர்கள் அவர்கள்தான். உங்கள் திட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு பெட்டிகூடக் கூடவில்லை. கரையைக் கரைத்துவிட்டால் அவர்கள் வந்து நிற்க இடமும் இருக்காது.

இங்கேயே பிறந்தவர்களைப் பற்றியும் யோசியுங்கள். சாலை வரும் என்ற பேச்சு எழுந்த உடனேயே கடலைப் பார்த்த வீடுகள் கைமாறத் தொடங்கிவிட்டன. வருடக்கணக்கில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் தெருவில் இப்போது சில வீடுகளில் வாரத்தில் ஐந்து நாள் விளக்கு எரிவதில்லை. மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர், பள்ளி வேன் ஓட்டுபவர், வலை பின்னுகிறவர் எல்லாம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பிறகு அதற்கும் அப்பால் என்று தள்ளப்படுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிசை ஒட்டிய கடலோர நகரமான சாண்டா மோனிகா 2015-ல் முழு வீட்டையும் 30 நாட்களுக்கோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்கு விடுவதைத் தடை செய்தது. பெருநகரத்தை ஒட்டிய கடலோர ஊரும் தன்னைக் காத்துக்கொள்ள முடியும். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் காமகுராவில், 1964-ல் பழைய கோயிலுக்குப் பின்னால் இருந்த காட்டை அழித்து வீட்டுமனை போட வந்தபோது ஊர் மக்கள் எழுந்து நின்று பணம் திரட்டி நிலத்தை வாங்கினார்கள். 1966-ல் பழைய தலைநகரங்களின் சூழலைக் காக்க அந்த நாடு சட்டமே கொண்டுவந்தது. அதனால் காமகுரா தேய்ந்துபோய்விடவில்லை. இன்றும் மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள், உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

சாலை ஓரத்தில் உயர்கோபுர விளக்குகள் வரும் என்றும் வரைவில் படித்தேன். மணலில் முட்டையை விட்டு வெளியே வரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும். கரைப்பக்கம் விளக்கு எரிந்தால் அது சாலைக்குத்தான் போகும். சக்கரத்தில் நசுங்கும், இல்லையென்றால் வெயில் ஏறியதும் காய்ந்து சாகும். விளக்கைத் தாழ்த்தி, மறைப்பு வைத்து, செம்மஞ்சள் ஒளிக்கு மாற்றினால் பெருமளவு தவிர்க்கலாம். ஃபுளோரிடாவில் பல கடலோர ஊராட்சிகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன.

சரி, இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

கடலோரச் சாலை, கல் தடுப்பு, மணல்மேட்டில் வாகன நிறுத்தம் ஆகிய மூன்றையும் வரைவிலிருந்து முழுமையாக நீக்குங்கள். அகலத்தைக் குறைத்து, பெயரை மாற்றி மறுபடியும் கொண்டுவராதீர்கள். கட்டட உயர வரம்பைத் தளர்த்தும் பின்னிணைப்பையும் சேர்த்தே விலக்குங்கள்.

கருத்துக்கேட்பை மீண்டும் நடத்துங்கள். இந்த முறை இங்கே, எங்கள் ஊரில், ஒரு விடுமுறை நாள் மாலையில், படகுகள் கரை சேர்ந்த பிறகு. வரைபடத்தில் எங்கள் தெருக்களும் கிணறுகளும் வலை காயும் இடங்களும் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள். மீனவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஆள் வையுங்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம் போகும், எங்கே மணல் ஏறும் என்பதை அவர்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் உங்கள் குழுவில் கிடையாது.

கரையில் இனி எந்தக் கல் விழுவதாக இருந்தாலும், குறைந்தது ஒரு முழு வருடம், எல்லாப் பருவங்களிலும் கரையின் அகலத்தை அளந்து அந்தக் கணக்கை வெளியிட்ட பிறகே விழ வேண்டும். படகுத்துறைத் தடுப்பில் தேங்கிய மணலை மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அதுவரை காத்திராமல் தொடங்குங்கள். மணல்மேட்டைச் சுற்றித் தாழ்வான வேலி போட்டு, அடம்பு படர விடுங்கள். நடப்பதற்கு மரப்பலகைப் பாதை போதும். கடலோரத் தெருக்களில் கிணற்று நீரின் உப்பளவைப் பருவத்துக்கு ஒருமுறை சோதித்து நகர்மன்ற வாசலில் ஒட்டுங்கள். புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுப்பதை அந்த முடிவுகள் தெரியும்வரை நிறுத்திவையுங்கள்.

சாலைக்கு ஒதுக்கிய தொகையில் மாலை ரயில்களுக்குக் கூடுதல் பெட்டிகளும், விடுமுறை இரவுகளில் கூடுதல் ரயில்களும், ஸ்டேஷனிலிருந்து கரைக்குச் சிறிய பேருந்துகளும் விடச் செய்யுங்கள். ரயில்வே உங்கள் கையில் இல்லை என்பீர்கள். சாலைக்காக எத்தனை துறைகளோடு உட்கார்ந்து பேசினீர்களோ, இதற்காக அந்த ஒரு துறையோடு உட்காருங்கள். கார் நிறுத்தம் வேண்டுமென்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அமையுங்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக ஒவ்வொரு தெருவிலும் ஒரு பக்கம் வாகனம் நிறுத்தத் தடை போட்டு, விடுமுறை நாட்களில் அதைக் கண்காணிக்க ஆள் நிறுத்துங்கள். இதற்கு எந்தப் பெரிய திட்டமும் தேவையில்லை, அடுத்த விடுமுறைக்கு முன்பே செய்யலாம்.

நாள் வாடகைக்கு விடும் வீடுகளைப் பதிவு செய்யச் சொல்லி, அதற்கு ஒரு வரம்பு வையுங்கள். கரையோர விளக்குகளைத் தாழ்த்தி மறைப்புப் போடுங்கள்.

இந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்து மூலமான பதில் வேண்டும். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் அதைப் படித்துப் பதிவு செய்யுங்கள். நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
கடலோரத் தெருவில் குடியிருக்கும் ஒருவர்